நனையாத உடம்பு

(ராயபுரத்தில் ஒரு ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

எண்ணூர் முகத்துவாரத்தில் கழி மேல் நீர்க்காகம் இறக்கையை விரித்துக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், துணி காயப்போட்ட மாதிரி. அதன் இறகின் வெளிப்பக்கம் நனையும், தோலை ஒட்டிய பக்கம் நனையாது. நனைந்தால் மிதப்பு குறையும், முங்குவது சுலபம். அப்புறம் நம்ம வெயில் இருக்கவே இருக்கிறது.

அண்டார்டிகாவில் இருக்கிற பென்குயினுக்குக் காயப்போட ஏது வெயில்? உப்புத் தண்ணீர் என்பதால் கடல் மைனஸ் 1.8 டிகிரி வரை உறையாமல் கிடக்கும். அதன் உடம்போ 38 டிகிரி. காற்றைவிடத் தண்ணீர் 25 மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும்.

காசிமேட்டில் மீன் அடுக்கும் தெர்மாகோல் பெட்டியைப் பாருங்கள். ஐஸைக் காப்பாற்றுவது அதில் அடைபட்ட காற்றுதான். பென்குயினும் அந்தப் பெட்டிதான், என்ன, சூடு உள்ளே இருக்கிறது. மேலே ஓடு வேய்ந்த மாதிரி குட்டையான, விறைத்த இறகு. அடியில் பஞ்சு போன்ற தூவி. நடுவில் காற்று.

சரி, காற்று இருந்தால் மிதக்குமே, எப்படி முங்கும்? பறக்கிற பறவைகளுக்கு எலும்பில் பொந்து உண்டு. இதற்குக் கெட்டி எலும்பு. எம்பரர் பென்குயின் 500 மீட்டருக்கும் கீழே போகும். ஒரு பாகம் ஆறடி என்கிற நம் மீனவர் கணக்கில் 270 பாகத்துக்கு மேல்! அங்கே நீரின் அழுத்தம் காற்றை ஐம்பதில் ஒரு பங்காக நசுக்கிவிடும். அப்போது தோலுக்கடியில் இருக்கிற கொழுப்புதான் துணை. கால் வழியாகச் சூடு கசியாமலிருக்க, குளிர்ந்து திரும்பும் ரத்தக்குழாயும் சூடாக இறங்கும் குழாயும் ஒட்டியே ஓடுகின்றன. இறங்குகிற சூட்டை ஏறுகிற ரத்தம் வழியிலேயே வாங்கிக்கொள்ளும்.

மூச்சு? தசையிலேயே ஆக்சிஜனைச் சேர்த்து வைத்திருக்கும். நீண்ட முங்கலில் இதயத்துடிப்பையும் குறைத்துக்கொள்ளும். ஒரு பறவை 32 நிமிடம் உள்ளேயே இருந்தது பதிவாகியிருக்கிறது. நம்மில் பலர் ஒரு நிமிடத்தில் திணறிவிடுவோம்.

எனக்குப் பிடித்தது கடைசிக் காரியம்தான். மேலே ஏற ஏற, இறகுக்குள் நசுங்கிய காற்று விரியும். அது பொடிப்பொடிக் குமிழியாக வெளியேறி உடம்பைச் சுற்றிக்கொள்ளும்; தண்ணீரின் இழுவை குறையும். விசைப்படகுக்குப் பின்னால் நுரை வருமே, அதுபோல ஒரு வெள்ளைக் கோடு. அந்த வேகத்தில் நீரைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து, பனிக்கட்டி மேல் தொபக்கென்று வயிறு பட வந்து விழும்.