யாரிடம் பட்ட கடன்?

அவையோருக்கு வணக்கம்.

கழுத்தளவு கடனில் இருக்கும் ஒரு நாட்டைப் பெரிய இயற்கைச் சீற்றம் தாக்கினால் அந்நாடு மீண்டும் எழுமா என்பது இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் கேள்வி. பல நாடுகளைச் சுற்றிவராமல், ஒரே நாடு கண்ட இரண்டு நிலநடுக்கங்களிலிருந்து தொடங்குகிறேன்.

1923 செப்டம்பர் 1, பகல் 11 மணி 58 நிமிடம். டோக்கியோவிலும் யோகோஹாமாவிலும் மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். நிலம் குலுங்கியது, மரவீடுகளில் தீ பற்றிக்கொண்டது. ஏறத்தாழ 1,05,000 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது தீதான்.

அந்த ஜப்பான் அப்போதே கடனாளி நாடு. 1904-05இல் ரஷ்யாவோடு நடத்திய போருக்காக ஜப்பான் மைய வங்கியின் துணை ஆளுநர் தகஹாஷி கொரெகியோ லண்டனிலும் நியூயார்க்கிலும் வாசல் வாசலாக ஏறி இறங்கித் திரட்டிய கடனில் ஒரு பெரும்பகுதிக்கு 1925இல் அசலைத் திருப்ப வேண்டியிருந்தது. தலைநகரம் சாம்பலாகிவிட்டது என்பதற்காகக் கெடு தள்ளிப்போகவில்லை. 1924 பிப்ரவரியில் மறுபடியும் அதே இரு நகரங்களுக்குப் போய் 15 கோடி டாலரும் 2.5 கோடி பவுண்டும் வாங்கினார்கள். 1905இல் நாலரை சதவீத வட்டிக்குக் கிடைத்த பணத்துக்கு இப்போது டாலரில் ஆறரை சதவீதம், பவுண்டில் ஆறு சதவீதம். ஜப்பானியர்கள் இதற்கு வைத்த பெயர் 'தேசிய அவமானக் கடன்'.

உள்நாட்டிலும் ஒரு கடன் புகைந்துகொண்டிருந்தது. தொழில் அழிந்த வணிகர்கள் எழுதிக்கொடுத்திருந்த உண்டியல்களுக்கு, அதாவது குறித்த நாளில் பணம் தருவதாக எழுதிய சீட்டுகளுக்கு, நாட்டின் மைய வங்கியான ஜப்பான் வங்கி பொறுப்பேற்றுக் கெடுவை நீட்டித்தது. 'நிலநடுக்க உண்டியல்கள்' என்றே அவற்றுக்குப் பெயர். நல்ல கடனோடு வாராக் கடனும் அதற்குள் ஒளிந்துகொண்டது. 1927 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் கதாஓகா நாவோஹாரு, இன்னும் மூடாத ஒரு வங்கியை மூடிவிட்டதாக நாடாளுமன்றத்தில் தவறாகச் சொல்லிவிட்டார். மக்கள் வங்கி வாசல்களில் திரண்டார்கள். அடுத்தடுத்து வங்கிகள் விழுந்தன. நிலம் அடங்கி மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு விழுந்த இடிபாடு அது.

இப்போது 2011 மார்ச் 11, பிற்பகல் 2 மணி 46 நிமிடம். நிலநடுக்கத்தின் அளவு 9. கடல் ஊருக்குள் வந்தது. ஃபுகுஷிமாவில் அணு உலைகள் உருகின. 18,000க்கும் அதிகமானோர் இறந்தோ காணாமலோ போனார்கள். அரசு கணக்கிட்ட சொத்துச் சேதம் மட்டும் 16.9 லட்சம் கோடி யென். அன்றைய ஜப்பானின் அரசுக் கடனோ நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்கு. கடனின் அளவை மட்டும் பார்த்தால் 1923ஐவிட மோசமாக நொறுங்கியிருக்க வேண்டும்.

ஆறு நாட்கள் கழித்து நடந்ததைக் கேளுங்கள். மார்ச் 17 அன்று யென்னின் மதிப்பு உயர்ந்தது! ஒரு டாலருக்கு 76.25 யென், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் அதுவரை காணாத உச்சம். மறுநாள் ஜி7 என்னும் ஏழு பணக்கார நாடுகள் சேர்ந்து யென்னை விற்று அதை இறக்க வேண்டியிருந்தது. காரணம் எளிது. ஜப்பானியக் காப்பீட்டு நிறுவனங்களும் தொழில் நிறுவனங்களும் வெளிநாட்டில் வைத்திருக்கும் பணத்தைத் தாயகத்துக்குக் கொண்டுவரும் என்று சந்தை எதிர்பார்த்தது. அரசு பெரும் கடனாளி; ஆனால் ஜப்பான் என்ற நாடு உலகத்துக்கே கடன் கொடுத்திருந்தது. அரசின் கடனும் 90 சதவீதத்துக்கு மேல் சொந்த மக்களின் வங்கி, அஞ்சலகச் சேமிப்பு, ஓய்வூதிய நிதி ஆகியவற்றிடம்தான் இருந்தது. அதுவும் யென்னில். லண்டனில் யாரும் கெடு சொல்லிக் காத்திருக்கவில்லை. ஜப்பான் வங்கி நிலநடுக்கத்துக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை காலையிலேயே 15 லட்சம் கோடி யென்னைப் பணச்சந்தையில் இறக்கியது. சேறும் உப்புநீரும் ஊறிய நோட்டுகளோடு வந்தவர்களுக்கு அதன் கிளைகள் புது நோட்டு மாற்றிக் கொடுத்தன. எனக்கு அந்தக் கோடிகளைவிட இந்த நோட்டுகள்தான் நினைவில் நிற்கின்றன.

ஆனாலும் பணம் இலவசமாக வந்துவிடவில்லை. 2013 ஜனவரி முதல் 25 ஆண்டுகளுக்கு வருமான வரியின் மேல் 2.1 சதவீதக் கூடுதல் வரி என்று சட்டம் செய்தார்கள். கடலே காணாத மலையூர்க்காரரும் அதைக் கட்டுகிறார். கட்டியும் எல்லாம் திரும்பவில்லை. ஆழிப்பேரலை அழித்த ரிகுசென்தகாதா என்னும் கடலோர ஊரில் மலையை வெட்டி, ஆற்றுக்கு மேலே மண்ணைக் கொண்டுபோய், ஊரின் மையப்பகுதியை உயர்த்திக் கட்டினார்கள். மேடான அந்த மனைகளில் பல இன்னும் காலியாகக் கிடக்கின்றன. வேறு ஊருக்குப் போனவர்கள் அங்கேயே வேர் பிடித்துவிட்டார்கள்.

அப்படியானால் ஏழை நாட்டின் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டால் போதுமா? ஹெயிட்டியில் 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு பன்னாட்டு நாணய நிதியம் உள்பட பலரும் கடனைத் தள்ளுபடி செய்தார்கள். ஹெயிட்டி எழவில்லை. விடுதலை பெற்றதற்கு 'நஷ்டஈடாக' 15 கோடி பிராங்க் கேட்டு 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தியது; அதைக் கட்டுவதற்கே கடன் வாங்கி, ஒரு நூற்றாண்டுக்கு மேல் கட்டிய நாடு அது. பள்ளியும் சாலையும் மருத்துவமனையும் எழவேண்டிய காலத்தில் பணம் கப்பலேறிவிட்டது. அந்த அநீதியை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நமக்கு அருகில் இலங்கை. 2004 ஆழிப்பேரலை முல்லைத்தீவையும் மட்டக்களப்பையும் அம்பாறையையும் காலியையும் அழித்தபோது, கடன் கொடுத்த அரசுகள் பாரிஸில் கூடி 2005 முடியும் வரை தவணை கேட்பதில்லை என்று முடிவு செய்தன. அப்போது பேச வேண்டியவர்கள் ஒரே மேசையில் அமரக்கூடிய அரசுகள். பின்னர் இலங்கை டாலர் பத்திரங்களைச் சந்தையில் விற்றுப் பெரும் கடன் வாங்கியது. 2022இல் அது கைவிரித்தபோது, எங்கெங்கோ சிதறிக் கிடந்த பத்திரக்காரர்களோடு உடன்பாடு காண இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. வெள்ளம் தலைக்கு மேல் போகும்போது இரண்டு ஆண்டு பேரம் பேச யாருக்கு முடியும்?

அதனால்தான் கிரெனடா என்னும் சின்னஞ்சிறு கரீபியத் தீவைப் பெரிதாகச் சொல்கிறேன். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குத் தெரிந்த ஜாதிக்காய்தான் அதன் கொடியிலும் இருக்கிறது. 2004 செப்டம்பரில் இவான் புயல் நாட்டின் ஈராண்டு உற்பத்திக்கு ஈடான சேதத்தை ஏற்படுத்தியது. ஜாதிக்காய் மரங்களில் பெரும்பாலானவை சாய்ந்தன. நட்ட கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும், தவணை அதுவரை பொறுக்குமா? கடனைத் திருத்தி எழுதினார்கள். 2013இல் மறுபடி கட்ட முடியாமல் போனது. 2015இல் திருத்தியபோதுதான் கிரெனடா ஒரு பத்தியைச் சேர்க்க வைத்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் புயல் சேதம் செய்தால், தவணையைத் தானாகவே தள்ளிவைக்கலாம். யாருடைய காலிலும் விழவேண்டாம்.

2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் அதன் கரியாகூ தீவில் கூரை என்று சொல்லும்படி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கிரெனடா அந்தப் பத்தியை எடுத்தது. உலகில் முதன்முறையாக ஒரு நாடு அப்படியொரு பத்தியைப் பயன்படுத்தியது. கடன் குறையவில்லை, வட்டியும் சேரும். ஆனால் கூரை போடவேண்டிய மாதத்தில் கையிலிருந்த பணம் வெளியே போகவில்லை.

நம் நாடும் இன்று கடன் கொடுக்கும் நாடு. 2022இல் மட்டும் இலங்கைக்கு இந்தியா செய்த உதவி ஏறத்தாழ 400 கோடி டாலர். அதில் பெரும்பகுதி கடன். இனி டெல்லி எழுதும் ஒவ்வொரு கடன் ஒப்பந்தத்திலும் கிரெனடாவின் அந்தப் பத்தி இடம்பெற வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். இந்தக் கூட்டம் முடிந்ததும் அவர்களுக்கு அனுப்ப ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். வாசலருகே மேசையில் இருக்கிறது.