இடது நேர்மாறு மட்டும் இருந்தால் நிறமாலை என்ன ஆகும்?

[திரையில்: ஏற்காடு பஸ்ஸின் உட்புறம்]

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ் நிற்கிறது. சீட்டுகளுக்கு முடிவே இல்லை, ஆனாலும் எல்லாம் நிரம்பிவிட்டன. "ஆளுக்கு ஒரு சீட்டு பின்னாடி தள்ளி உட்காருங்க" என்கிறார் கண்டக்டர். ஒருவரும் இறங்கவில்லை, முதல் சீட்டு காலி! ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போனவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

[திரையில்: (5, 2, 7, …) → (0, 5, 2, 7, …)]

கணக்கில் நடக்கும். உறுப்புகளுடைய அளவின் வர்க்கங்களைக் கூட்டினால் முடிவுள்ள எண் வரும் தொடர்வரிசைகளை எடுப்போம். அது ஒரு ஹில்பர்ட் வெளி, அதாவது நீளத்தையும் செங்குத்தையும் அளக்க முடிகிற வெளி. எஸ் என்ற செயலி (ஒரு தொடர்வரிசையை வாங்கி இன்னொன்றைத் தரும் விதி) எல்லாவற்றையும் ஓர் இடம் தள்ளி, முன்னால் 0 போடுகிறது. தள்ளியதை முன்னால் இழுத்தால் பழையது அப்படியே கிடைக்கும். அந்த இழுப்புதான் எஸ்-இன் இடது நேர்மாறு. ஆனால் முதலில் இழுத்து, அப்புறம் தள்ளினால் (0, 2, 7, …) தான் மிஞ்சும். 5 போயே போச்சு. சதுர அணிகளில் இந்த வம்பு கிடையாது. ஒரு பக்கம் நேர்மாறு இருந்தால் மறுபக்கமும் அதுவே.

சரி, நிறமாலை. டி ஏதோ ஒரு செயலி, ல ஒரு கலப்பெண். டி செய்வதிலிருந்து ல மடங்கைக் கழிப்பதுதான் டி − ல. அதற்கு முழு நேர்மாறு (இரு பக்கமும் செல்லுபடியாகும் நேர்மாறு) இல்லையென்றால், ல டி-யின் நிறமாலையில் இருக்கிறது. டி-க்கு பி என்ற இடது நேர்மாறு மட்டும் உண்டு, முழு நேர்மாறு இல்லை என்று கொள்வோம்.

[திரையில்: பி(டி − ல) = 1 − ல·பி; இங்கே 1 என்பது எதையும் மாற்றாத செயலி]

ல-வின் அளவு, 1-ஐ பி-யின் நார்மால் (பி நீளத்தை அதிகபட்சம் எத்தனை மடங்காக்கும் என்ற எண்) வகுத்து வருவதைவிடக் குறைவாக இருந்தால், சமன்பாட்டின் வலப்பக்கத்தில் உள்ள 1 − ல·பி-க்கு முழு நேர்மாறு உண்டு. பெருக்குத் தொடர் குவிந்துவிடும். இப்போது டி − ல-வுக்கும் முழு நேர்மாறு இருந்தால் பி-க்கும் இருந்தாக வேண்டும், அப்படியே டி-க்கும். அதுதான் இல்லையே! ஆக, 0-வைச் சுற்றி ஒரு வட்டத்தட்டு முழுவதும் நிறமாலைக்குள் வந்துவிடுகிறது. எனக்குப் பிடித்த இடம் இதுதான்: இரண்டே வரி, ஐகன் மதிப்பை (பூஜ்யமல்லாத ஏதாவது ஒன்றைச் செயலி வெறுமனே எத்தனை மடங்காக்குகிறதோ அந்த எண்) தொடவே இல்லை.

எஸ்-இன் நிறமாலை ஆரம் 1 உள்ள வட்டத்தட்டு, விளிம்பும் சேர்த்து. ஐகன் மதிப்போ ஒன்றுகூடக் கிடையாது. இழுக்கும் செயலியின் கதை வேறு: (1, 1/2, 1/4, …) என்பதை இழுத்தால் அது சரிபாதியாகிறது, ஆக 1/2 ஒரு ஐகன் மதிப்பு. விளிம்புக்கு உள்ளே எந்த எண்ணுக்கும் இப்படி ஒன்று கட்டலாம்.

நீளத்தை மாற்றாத செயலி எதுவானாலும், முழு நேர்மாறுள்ள ஒரு பகுதியாகவும் எஸ்-இன் நகல்களாகவும் பிரியும். ஹெர்மன் வோல்ட் 1938-இல் காலத்தொடர்களை ஆராய்ந்தபோது வந்த பிரிப்பு இது. நகல்கள் எத்தனை என்பதை, செயலியின் வீச்சகத்துக்கு (அது தரும் விடைகள் எல்லாம் சேர்ந்த பகுதிக்கு) செங்குத்தாக நிற்கும் பகுதியின் பரிமாணம் சொல்லும். எஸ்-க்கு அது 1.