பழைய சரவிளக்கை வாங்கும் முன் அண்ணாந்து பாருங்கள்: நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்று நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வியை மதுரையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் எட்டுக் கைகள் கொண்ட சரவிளக்கைப் பார்த்திருக்கிறார். அதைத் தாம் கட்டிவரும் வீட்டின் கூடத்தில் மாட்ட ஆசைப்படுகிறார். விளக்கின் உயரம் 4 அடி, எடை 18 கிலோ. கூடம் 14-க்கு 16 அடி. தரையிலிருந்து கூரை 10 அடி. அந்த விளக்கு உண்மையிலேயே பழையதா, மாட்டுவதில் ஆபத்து உண்டா, சாப்பாட்டு மேசைக்கு மேல் எந்தத் தொங்குவிளக்கு பொருந்தும் என்பவை அவருடைய மூன்று சந்தேகங்கள். மாடிப்படிக்கு மேலே கூரை 19 அடி உயரத்தில் வரும் என்றும், அங்கே இன்னும் கான்கிரீட் போடவில்லை என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடையில் விளக்கைப் பார்க்கும்போது நம் கண் விளக்கின்மீதுதான் இருக்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது நம் வீட்டுக் கூரையை. அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டி, வரும் எண்ணை அங்குலமாக வைத்துக்கொண்டால், அதுவே விளக்கின் விட்டத்துக்கு ஓர் உத்தேச அளவு. உங்கள் கூடத்துக்கு 14-ம் 16-ம் சேர்ந்து 30 அங்குலம். விளக்கு அதற்குள் அடங்கினால் அகலத்தில் சிக்கல் இல்லை, சிக்கல் உயரத்தில்தான். மனிதர்கள் நடமாடும் இடத்தில் விளக்கின் அடி நுனி தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. 10 அடிக் கூரையில் 7 அடியைக் கழித்தால் மிஞ்சுவது 36 அங்குலம். உங்கள் விளக்கு 48 அங்குலம். கொக்கிக்கும் சங்கிலிக்கும் இன்னும் 6 அங்குலம் வேண்டும். மாட்டினால் அதன் நுனி தரையிலிருந்து ஐந்தரை அடியில், வீட்டுக்கு வருபவரின் நெற்றிக்கு நேராகத் தொங்கும்.

இது விளக்கின் குற்றமன்று. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வணிகம் செய்த நகரத்தார் என்ற செட்டிநாட்டு வணிகர்கள் காரைக்குடிப் பக்கம் கட்டிய வீடுகளில் கூடங்கள் மிக உயரமானவை. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த விளக்குகள் அந்த உயரத்துக்குத் தகுந்தபடி வாங்கப்பட்டவை. பங்கு பிரிந்து வீடுகள் இடிக்கப்பட்டபோது கதவும் தூணும் நிலைக்கண்ணாடியும் போலவே விளக்கும் கடைக்கு வந்தது. ஒரு வளவு, அதாவது அந்த வீடுகளின் உள்முற்றக் கட்டு, முழுவதையும் நிறைத்த பொருளை நம்முடைய 10 அடிக் கூடத்தில் மாட்டினால், அழகான விளக்கும் மூச்சுத் திணறுவது போலத்தான் தெரியும்.

மின்விசிறி இன்னொரு கவலை. மதுரை வெயிலில் கூடத்துக்கு விசிறி இல்லாமல் முடியாது. நம் வீடுகளில் கூரையின் நடுக்கொக்கி அதற்கே உரியது. பக்கத்தில் சரவிளக்கு இருந்தால் காற்றில் அதன் கண்ணாடித் தொங்கட்டான்கள் இரவெல்லாம் ஒன்றோடொன்று உரசும். அவற்றைக் கோத்திருக்கும் மெல்லிய பித்தளைக் கம்பி நாளடைவில் தேய்ந்து அறுந்துவிடும். விளக்கு விசிறி இறக்கைகளுக்கு மேலே இருந்தாலோ, அறை முழுவதும் நிழல் வெட்டி வெட்டி ஓடி, உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைவலியைத் தரும். ஆகவே கூடத்தில் இந்த விளக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி, அசலா போலியா என்ற சந்தேகம். பிரோசாபாத்தில் கண்ணாடியும் மொராதாபாத்தில் பித்தளையும் இன்றும் நல்ல தரத்தில் செய்யப்படுகின்றன. பழைய மோஸ்தரில் புதிதாகச் செய்த விளக்கை வாங்குவதில் தவறே இல்லை. அதைப் பழையது என்று சொல்லிப் பழையதன் விலைக்கு விற்பதுதான் தவறு. கையில் ஒரு சிறிய காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். நடுத்தண்டின் உள்ளே இரும்புக் குழாய் இருப்பது இயல்பு. ஆனால் வளைந்த கைகளில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. ஒட்டவில்லை என்பதாலேயே பித்தளை என்று முடிவு செய்துவிடவும் வேண்டாம். துத்தநாகக் கலவை வார்ப்பிலும் காந்தம் ஒட்டாது. கடைக்காரரின் அனுமதியோடு, கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில் லேசாகச் சுரண்டிப் பார்த்தால், உள்ளே மஞ்சளா வெள்ளையா என்பது தெரிந்துவிடும்.

கண்ணாடியைப் பொறுத்தவரை, 1674-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராப்ட் என்பவர் ஈயம் கலந்த கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். ஈயம் சேரும்போது கண்ணாடி கனக்கும், ஒளியைக் கூடுதலாக வளைக்கும், பட்டை தீட்டவும் எளிதாக இருக்கும். முழு ஈயக் கிரிஸ்டல் என்று சொல்ல அதில் 30 சதவீதம் ஈய ஆக்சைடாவது இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. கடையில் இதை அளக்க முடியாது. ஆனால் விரல் சொல்லிவிடும். கையால் பட்டை தீட்டிய தொங்கட்டானில் விளிம்புகள் கூர்மையாக இருக்கும். அச்சில் வார்த்ததில் விளிம்பு மழுங்கி, பக்கவாட்டில் மெல்லிய கோடு ஓடும்.

நானே ஏமாந்த ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் 40 தொங்கட்டான்கள் கொண்ட சிறிய விளக்கை வாங்கினேன். வீட்டில் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தபோதுதான் ஆறு தொங்கட்டான்கள் மட்டும் கையில் எடையே இல்லாமல் இருப்பதை உணர்ந்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மற்றவை சில்லென்று இருந்தன, அந்த ஆறும் குளிரவில்லை. உடைந்தவற்றுக்குப் பதிலாக அக்ரிலிக்கைக் கோத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்த விளக்காக இருந்தாலும் எல்லாத் தொங்கட்டான்களையும் தொட்டுப் பார்க்காமல் நான் பணம் கொடுப்பதில்லை.

உங்கள் விளக்கின் கைகளில் மின்கம்பி வெளியே சுற்றி வருகிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் அது பெரும்பாலும் மெழுகுவத்திக்காகச் செய்யப்பட்டுப் பின்னாளில் மின்சாரத்துக்கு மாற்றப்பட்டதாக இருக்கும். அது குறையன்று, பழமைக்கு ஓர் அடையாளம். ஆனால் கம்பி எப்படி இருந்தாலும் பழைய வயரில் ஒரு நாள்கூட விளக்கை எரிக்காதீர்கள். அந்தக் காலத்து ரப்பர், துணி உறைகள் தொட்டாலே உதிரும். உடல் முழுவதும் உலோகமாக இருக்கும் விளக்கில் மின்கசிவு ஏற்பட்டால் துடைக்கப் போகிறவரின் உயிருக்கே ஆபத்து. வயரையும் ஹோல்டர்களையும் முழுமையாக மாற்றி, உடலுக்கு எர்த் இணைப்புக் கொடுத்து, வீட்டில் மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். எட்டுக் கைகளிலும் 40 வாட் குண்டு பல்பு போட்டால் 320 வாட். 4 வாட் எல்இடி போட்டால் 32 வாட், சூடும் குறைவு. 2700 கெல்வின் என்று அட்டையில் அச்சிட்ட மஞ்சள் ஒளியையே வாங்குங்கள். வெள்ளை ஒளியில் பழைய பித்தளை களையிழந்துவிடும்.

சாப்பாட்டு மேசைக்குக் காரைக்குடிக் கடைகளிலேயே மணி வடிவக் கண்ணாடி விளக்குகள் கிடைக்கும். வணிகர்கள் ஹண்டி என்பார்கள். மேலே ஒரு சிறிய கண்ணாடித் தட்டு கவிழ்ந்த மாதிரி தொங்கும். திரியின் புகை கூரையைக் கரியாக்காமல் தாங்குவதற்காக வைத்தது அது. இன்று வேலை இல்லை என்று கழற்றிவிடாதீர்கள், விளக்கின் வடிவமே அதனோடுதான் முழுமை பெறுகிறது. மேசையின் அகலம் 3 அடி என்றால் விளக்கு 18 முதல் 24 அங்குலத்துக்குள் இருக்கலாம்; அல்லது 8 அங்குல விளக்குகள் இரண்டை நீளவாக்கில் மாட்டலாம். மேசைப் பரப்பிலிருந்து விளக்கின் அடி 30 முதல் 36 அங்குல உயரத்தில் இருந்தால், எதிரே இருப்பவரின் முகம் மறைக்காது, கண்ணும் கூசாது.

இப்போது அந்தக் கடைசி வரி. உங்கள் சரவிளக்குக்கு உரிய இடம் மாடிப்படிக்கு மேலே உள்ள அந்த 19 அடிக் கூரைதான். அங்கே ஏணி வைத்துத் துடைக்க முடியாது என்பதால், இறக்கி ஏற்றும் மோட்டார் வின்ச் ஒன்றுக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஜிப்சம் கூரை இந்த எடையைத் தாங்காது; கொக்கி கான்கிரீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். விளக்கும் வின்ச்சும் சேர்ந்த எடையைப் போல் பல மடங்கைத் தாங்கும் கொக்கியை, ஸ்லாப்பின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டச் சொல்லி உங்கள் பொறியாளரிடம் இந்த வாரமே பேசுங்கள். வின்ச்சுக்கும் விளக்குக்கும் வயர் செல்லத் தனித்தனியாக இரண்டு பைப்புகளையும் அப்போதே பதிக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் இறுகிய பிறகு, விளக்கை மாட்டும் முன் 40 கிலோ மணல் மூட்டையை அந்தக் கொக்கியில் ஒரு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள்.