மேடைக்கு முதுகைக் காட்டி நின்னு பாருங்க!

வணக்கம் மக்களே! காத்து பலமா அடிக்குது. மைக்குக்குப் பஞ்சு மாட்டியும் இரையுது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு வெளியில போய்ப் படம் எடுக்கறதப் பத்திப் பேசலாம். நமக்கு இது தொழில் இல்ல, ஆசை. பிரஸ் பாஸ் கிடையாது, பெரிய லென்ஸும் கிடையாது. ஸ்டுடியோ மாதிரி லைட்ட நகத்தலாம்னா, சூரியன் நம்ம பேச்சக் கேக்குமா? எங்க நிக்கணும்ங்கறது மட்டும்தான் முழுசா நம்ம கையில இருக்கு. புது கேமரா வாங்கலாமான்னு யோசிக்கற நேரத்துல பாதிய இதுக்குக் குடுத்தாலே படம் மாறிடும்.

மொதல்ல இயற்கைக் காட்சி. சூரியன் அடிவானத்துலேர்ந்து சுமார் 6 டிகிரிக்குள்ள இருக்கற நேரத்தத்தான் கோல்டன் ஹவர்ங்கறோம். வெளிச்சம் சாஞ்சு வர்றதால பாறை, புல்லு, மணல்னு எல்லாத்துலயும் மேடு பள்ளம் தெரியும். ஆனா சூரியன நேரா முதுகுக்குப் பின்னால வச்சு நின்னீங்கன்னா, நிழலெல்லாம் பொருளுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும், படம் தட்டையாயிடும். அது தோள்பட்டைப் பக்கம் வர்ற மாதிரி திரும்பிக்கோங்க. லென்ஸ் முன்னால மாட்டி கண்ணக் கூசற பளபளப்பக் குறைக்கற கண்ணாடி, அதான் போலரைசர் ஃபில்டர், அதுவும் அப்படித்தான், சூரியனுக்கு 90 டிகிரி திரும்பி நின்னாதான் வானம் நல்லா அடர் நீலமாகும். அகலமாக் காட்டற வைட் லென்ஸ்ல போட்டா வானம் ஒரு பக்கம் மட்டும் திட்டா இருண்டுடும், அதனால அதுல நான் கழட்டி வச்சிருவேன்.

இனிமே பொது நிகழ்ச்சி. எனக்குப் புடிச்ச ஏரியா இதுதான்.

மாரத்தான், ஊர்வலம், சைக்கிள் ரேஸ் எதுவானாலும் கூடவே ஓடாதீங்க. வளைவு எங்க இருக்குன்னு தேடுங்க. அங்க வேகம் குறையும், முகம் நம்ம பக்கம் திரும்பும், ஒருத்தர் பின்னால ஒருத்தர் மறையாம வரிசை விரிஞ்சு தெரியும். முன்கூட்டியே போய், பின்னணில பேனரோ கம்பமோ தலைக்கு மேல முளைக்காத எடமாப் பாத்து, ரோட்டுல ஒரு புள்ளில ஃபோகஸ் பண்ணி வச்சிடுங்க. ஓடறவங்கள அப்படியே நிறுத்திப் புடிக்க ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் தொறந்திருக்கற நேரம், 1/500 நொடி வேணும். சைக்கிள்னா 1/30 வச்சு, கேமராவ அவங்களோடயே திருப்பி எடுக்கறதுதான் என் ருசி. நெறைய வீணாகும். ஒண்ணு வாச்சுதுன்னா சக்கரம் சுத்தறதே படத்துல தெரியும்.

இன்னொன்னு, எல்லாரும் எந்தப் பக்கம் பாக்கறாங்களோ அதுக்கு எதிர்ப்பக்கம் திரும்புங்க. 1937ல லண்டன்ல ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டு விழா. ஒரு பிரெஞ்சு வாரப் பத்திரிகைக்காகப் போன போட்டோகிராஃபர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன், மன்னர ஒரு படம்கூட எடுக்கல! ரோட்டோரம் காத்துக் கெடந்த ஜனங்களத்தான் எடுத்தார். அதுல ஒரு படத்துல மதில் மேல கூட்டம் எட்டிப் பாத்துட்டிருக்கும், கீழ ஒருத்தர் செய்தித்தாள் குவியல்ல படுத்துத் தூங்குவார். மன்னரோட படம் எல்லாப் பத்திரிகைக்கும் கெடைச்சிருக்கும். இது அந்தப் பக்கம் திரும்பினவருக்குத்தான் கெடைக்கும்.

சரி, மேடையத்தான் எடுக்கணும்னு அடம்புடிக்கறவங்களுக்கு: படத்துல கறுப்புப் பட்டை விழுதுன்னா விளக்கு மினுக்கறதுதான் காரணம். 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல எரியற சில விளக்குங்க நொடிக்கு 100 தடவ மினுக்கும், ஷட்டர 1/100 இல்லன்னா 1/50 நொடி வச்சுப் பாருங்க. மேடை எல்ஈடி வேற வேகத்துல மினுக்கும். அங்க சத்தமில்லாம எலக்ட்ரானிக்கா எடுக்கற சைலன்ட் ஷட்டர விட்டுட்டு, திரை நெஜமாவே நகர்ற மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினா பெரும்பாலும் தொல்லை குறையும்.

வாணவேடிக்கைக்கு டிரைபாட், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப் 8லேர்ந்து 11, ஷட்டர் ரெண்டு மூணு நொடி. இதெல்லாம் எங்க தேடினாலும் கெடைக்கும். நான் சொல்ல வர்றது காத்தப் பத்தி. காத்து நம்ம முதுகுல அடிக்கற பக்கமா நில்லுங்க. எதிர்ப்பக்கம் நின்னா மொத ரவுண்டுக்கு அப்புறம் படம் பூரா புகைதான்.

கூட்டத்துல குழந்தைங்கள எடுத்தா பெத்தவங்களத் தேடிப்போய் காட்டிடுங்க. வேணாம்னா அங்கயே அழிச்சிடுங்க, வாதாட வேணாம். எவ்வளவு நல்ல படமா இருந்தாலும் சரி. சட்டம் ஊருக்கு ஊர் மாறும், என் முடிவு மாறாது. அடுத்த வீடியோல மழையில எடுக்கறதப் பத்திப் பேசலாம். கேமராவுக்கு என்ன போத்தலாம்னு உங்ககிட்ட ஐடியா இருந்தா இப்பவே சொல்லி வைங்க.