ஒலி தெரியாமல் எழுதப்பட்ட அரிச்சுவடி

நேயர்களுக்கு வணக்கம். நான் இன்று சொல்லவிருக்கும் செய்தியும் ஒரு வானொலி உரையோடு தொடர்புடையதுதான். 1952ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், முப்பது வயது நிரம்பாத ஒரு கட்டடக்கலைஞர் பி.பி.சி. வானொலியில் பேசினார். ஐம்பது ஆண்டுகளாக அறிஞர்கள் படிக்க முடியாமல் திகைத்திருந்த களிமண் பலகைகள் கிரேக்க மொழியில் எழுதப்பட்டவை என்று தாம் முடிவுக்கு வந்திருப்பதாக அவர் அறிவித்தார். அவர் பெயர் மைக்கேல் வென்ட்ரிஸ்.

1900ஆம் ஆண்டு மத்தியதரைக் கடலிலுள்ள கிரீட் தீவின் க்னாசஸ் என்னும் இடத்தில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் அகழாய்வைத் தொடங்கியபோது வெளிப்பட்டவை அந்தப் பலகைகள். அவற்றின் எழுத்துக்கு அவர் 'லீனியர் பி' என்றும், அதற்கு முந்தைய மற்றொரு எழுத்துக்கு 'லீனியர் ஏ' என்றும் பெயரிட்டார். ஏறத்தாழத் தொண்ணூறு குறிகள் இருந்தமையால் அவை ஒவ்வொன்றும் நம் உயிர்மெய் போல ஓர் அசையைக் குறிக்க வேண்டும் என்பது விளங்கிற்று. அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. எந்த மொழி என்றும் தெரியாது, எந்தக் குறிக்கு என்ன ஒலி என்றும் தெரியாது, இருமொழிக் கல்வெட்டு ஒன்றும் துணைக்கு இல்லை.

இங்கேதான் அமெரிக்காவின் புரூக்ளின் கல்லூரியில் பணியாற்றிய ஆலிஸ் கோபர் என்னும் பெண்மணி வருகிறார். இந்தக் கதையில் உரிய இடம் அவருக்குப் பல காலம் தரப்படவில்லை என்பது என் கருத்து. காகிதத் தட்டுப்பாடு நிலவிய போர்க்காலத்தில், கிடைத்த தாள்களையெல்லாம் சிறு அட்டைகளாக நறுக்கி, குறிகள் எங்கே எப்படி வருகின்றன என்று பதிந்து, சிகரெட் பெட்டிகளில் அடுக்கி வைத்தார். மொழியை ஊகிப்பதை அவர் அறவே விலக்கினார். சொல்லின் இறுதி எவ்வாறு மாறுகிறது என்பதை மட்டுமே கவனித்தார்.

அவர் செய்ததை நம் மொழியைக் கொண்டே விளக்கலாம். தமிழ் அறியாத ஒருவர் கையில் வயலை, வயலால், வயலில் என்னும் மூன்று சொற்கள் கிடைத்திருக்கின்றன என்று கொள்வோம். ஆனால் லை, லா, லி என்பவை ஒன்றோடொன்று சாயல் இல்லாத மூன்று படங்களாக எழுதப்பட்டிருக்கின்றன. முதற்பகுதி மாறாமல் இறுதிப் பகுதி மட்டும் மாறுவதைக் கண்டால், வேற்றுமை உருபு ஏறியிருக்கிறது என்றும், அந்த மூன்று படங்களுக்கும் மெய் ஒன்றே என்றும் அவர் உணர்வார். அடுத்து ஊரை, ஊரால், ஊரில் என்பவற்றையும் பக்கத்தில் வைத்தால், லையும் ரையும் ஓர் உயிரைப் பகிர்கின்றன, லாவும் ராவும் மற்றோர் உயிரைப் பகிர்கின்றன என்பது தெரியும். ஓர் எழுத்தின் ஒலியும் தெரியாமலேயே அரிச்சுவடியின் உயிர்மெய்க் கட்டம் உருவாகத் தொடங்கிவிடும்! கோபர் 1948இல் பத்துக் குறிகளை இவ்வாறு கட்டமிட்டுக் காட்டினார். இரண்டு ஆண்டுகளில் காலமானார்.

அந்தக் கட்டத்தை வென்ட்ரிஸ் விரித்தார். அமெரிக்கத் தொல்லியலாளர் கார்ல் பிளெகன் 1939இல் கிரேக்கத்தின் பைலோஸில் கண்டெடுத்த பலகைகளை எம்மெட் பென்னெட் என்னும் அமெரிக்க அறிஞர் 1951இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்டது அதற்கு உதவியது. சொல்லின் முதலில் மிகுதியாக வரும் ஒரு குறியைத் தனி உயிராக, அதாவது 'அ'வாகக் கொண்டார். உயிரெழுத்து சொல்லின் முதலிலேயே வரும் என்று பள்ளியிலேயே படித்த நமக்கு இந்த ஊகம் வியப்பளிக்காது. பின்னர் க்னாசஸில் மட்டும் திரும்பத் திரும்ப வரும் சில சொற்கள் ஊர்ப்பெயர்களாக இருக்கலாம் என எண்ணி, அருகிலிருந்த துறைமுகமான அம்னிசோஸைப் பொருத்திப் பார்த்தார். 'அ-மி-நி-சோ' என்று அமைந்தது. ஒரு குறியின் ஒலி உறுதியானால் கட்டத்தில் அதன் வரிசை முழுவதற்கும் மெய் கிடைக்கும், அதன் பத்தி முழுவதற்கும் உயிர் கிடைக்கும் அல்லவா? உடனே 'கோ-நோ-சோ', அதாவது க்னாசஸ், தானாகவே வெளிவந்தது. தனி மெய்யை எழுத அந்த முறையில் வழியில்லாததால்தான் 'க்னா' என்பது 'கோ-நோ' ஆயிற்று. புள்ளியிடாத ஓலைச்சுவடிகளைப் படித்துப் பழகியவர்கள் இத்தகைய இடர்ப்பாட்டை அறிவார்கள்.

வென்ட்ரிஸ் தேடியது கிரேக்கத்தை அன்று என்பதுதான் வேடிக்கை. பதினெட்டு வயதில் எழுதிய கட்டுரையிலிருந்தே பண்டைய இத்தாலியில் வழங்கிய எட்ருஸ்கன் மொழியின் உறவைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார். கிரேக்கம் தலைகாட்டியபோது, 1952 ஜூனில் அறிஞர்களுக்கு அனுப்பிய குறிப்பில் அதை ஒரு விளையாட்டான கிளைவழி என்றே சொல்லிக்கொண்டார். தம் கட்டமே தம் நம்பிக்கையைப் பொய்யாக்கியபோது, கட்டத்தைத் திருத்தாமல் நம்பிக்கையைக் கைவிட்டார்.

வானொலி உரையைக் கேட்ட ஜான் சாட்விக் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் அவரோடு இணைந்தார். ஐயங்கள் ஓயாத நிலையில், 1953இல் பிளெகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிய பலகையொன்றில், முக்காலிக் கலத்தின் படத்துக்குப் பக்கத்தில் 'தி-ரி-போ-தே' என்ற சொல் இருந்தது. மூன்று காலுடையது என்பது அதன் பொருள். நான்கு பிடிகள் கொண்ட பாத்திரம், மூன்று பிடிகள் கொண்டது, பிடியே இல்லாதது என ஒவ்வொரு படத்துக்கும் பொருத்தமான கிரேக்கச் சொல் இருந்தது. வென்ட்ரிஸ் பார்த்தே இராத ஒரு பலகையில் இவ்வளவும் ஒருசேரத் தற்செயலாக அமையாது.

படித்தவற்றில் காவியம் ஒன்றும் இல்லை. ஆடுகள், கம்பளி, எண்ணெய், வேலையாட்களுக்கான பங்கு ஆகியவற்றின் கணக்குகள்தாம் இருந்தன. சுடாத களிமண்ணில் எழுதிய அந்தக் கணக்குகள், அரண்மனைகளை அழித்த தீயில் வெந்து இறுகியதால்தான் நமக்குக் கிடைத்தன. வென்ட்ரிஸ் 1956இல், 34ஆம் வயதில், கார் விபத்தில் மாண்டார்.

லீனியர் ஏ இன்னும் படிக்கப்படவில்லை. இரண்டுக்கும் பொதுவான குறிகளுக்கு ஒலியை இரவல் வாங்கி அதை ஒருவாறு உச்சரிக்க முடிகிறது. பட்டியல்களின் அடியில், எண்களைக் கூட்டிய இடத்தில் 'கூ-ரோ' என்று வருவதால் அது 'மொத்தம்' என்பதும் தெரிகிறது. எந்த மொழியில் மொத்தம் என்பதற்குத்தான் இன்னும் விடையில்லை. நன்றி, வணக்கம்.