காலையை மலைக்குக் கொடுங்கள்: மலைக்கிராமத்தில் குழு முகாம் நடத்துவது எப்படி?

[காட்சி: பனிமூட்டம் விலகும் மலைச்சரிவு. வளைந்து ஏறும் சாலையில் ஒரு வேன்.]

வணக்கம். அலுவலகக் குழுவோ, தன்னார்வலர்களோ, சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கப்போகும் பத்து நண்பர்களோ, யாராக இருந்தாலும் சரி, இரண்டு மூன்று நாள் ஊர்ச் சந்தடியை விட்டு ஒரு மலைக்கிராமத்தில் தங்கிப் பேசலாம் என்ற ஆசை ஒருநாள் வரும். நல்ல ஆசைதான். ஆசை வந்த கையோடு ஒருவர் காகிதத்தை எடுத்து நிகழ்ச்சி நிரல் எழுதிவிடுவார்: காலை 9 முதல் 1 வரை கூட்டம், சாப்பாடு, 2 மணிக்கு மலையேற்றம், மாலை 6 மணிக்கு மறுபடியும் கூட்டம். சமவெளிக்கு இது பொருந்தும். மலையில் இதைத் தலைகீழாகப் புரட்டிப்போட வேண்டும்.

[அசைபடம்: வெயில் படும் சரிவு, மேலெழும் அம்புக்குறிகள், திரளும் மேகம்.]

வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகிறது. சரிவை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே போகிறது. போகப் போக அது குளிர்ந்து, அதிலிருக்கும் ஈரம் மேகமாகத் திரள்கிறது. காலையில் துலக்கிவைத்த பாத்திரம்போல் தெரிந்த சிகரம் மதியத்துக்குப் பிறகு காணாமல் போவதும், மூன்று மணிக்கு இடி இடிப்பதும் இதனால்தான். பல மலைப்பகுதிகளில், குறிப்பாக வெப்பமான மாதங்களில், இது அன்றாடம் நடப்பது. ஆகவே நடையை விடிந்ததும் வையுங்கள். மதியத்துக்குள் கூரைக்குக் கீழே வந்துவிடுங்கள். கூட்டத்தைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். காலையில் ஒன்றாக மூச்சுவாங்க ஏறியவர்கள் பிற்பகலில் பேசும் பேச்சே வேறு. மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து சொல்லத் தயங்கியதைப் பக்கத்தில் நடந்துகொண்டே சொல்லிவிட முடிகிறது. இதை நான் மூன்று முகாம்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இடி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். 30 நொடிக்குள் இடிச்சத்தம் கேட்டால் மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உறுதியான கட்டடத்துக்குள்ளோ கதவு மூடிய வாகனத்துக்குள்ளோ உடனே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. மரத்தடியில் ஒதுங்கவே ஒதுங்காதீர்கள்.

[காட்சி: வரைபடம். ஒரு பாதை, அதன் கீழே ஏற்றத்தைக் காட்டும் கோடு.]

அடுத்தது நேரக் கணக்கு. மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள், மணிக்கணக்கில் கேளுங்கள். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு எளிய கணக்கைச் சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 8 கிலோமீட்டர் பாதை, 600 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 36 நிமிடம் வருகிறது. ஆனால் இது நடந்து பழகிய, நல்ல உடற்கட்டுள்ளவர்களுக்கான கணக்கு. ஓய்வு நேரம் இதில் சேரவில்லை. இருபது பேர் போகும்போது ஒருவருக்குச் செருப்பு வார் அறும், இன்னொருவர் படம் எடுக்க நிற்பார், மற்றொருவருக்குத் தண்ணீர் வேண்டும். நான் எப்போதும் பாதியைக் கூட்டிக்கொள்வேன். ஏறக்குறைய 4 மணி நேரம். காலை 6.30க்குக் கிளம்பினால் 10.30க்குத் திரும்பலாம்.

கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தையும் முடிவுசெய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். இத்தனை மணி ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்புகிறோம், சிகரம் கண்ணுக்கு எதிரே நின்றாலும் திரும்புகிறோம். இந்த முடிவை அறையிலேயே எடுத்துவிடுவது நல்லது. மேலே போனபின் யாருக்கும் மனம் வராது.

[காட்சி: கற்படிகள். கேமரா ஒவ்வொரு படியாக ஏறுகிறது.]

இந்தப் படிகளைக் கொஞ்சம் பாருங்கள். நான் முதன்முதலாக ஏற்பாடு செய்த முகாமில், தங்கும் விடுதிக்காரரிடம் படுக்கை எத்தனை, சுடுநீர் உண்டா, கூட்ட அறையில் எத்தனை நாற்காலி என்று பக்கம் பக்கமாகக் கேட்டேன். வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி என்று கேட்கவில்லை. 140க்கு மேல் இருந்தன. ஒன்றுக்கொன்று உயரம் ஒவ்வாத கற்படிகள், கைப்பிடி கிடையாது. எங்கள் குழுவிலேயே மூத்தவருக்கு முழங்கால் வலி. பாதியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, "நீங்கள் போங்கள் தம்பி, நான் மெதுவாக வருகிறேன்" என்றார். மேலே வந்தவர் இரண்டு நாளும் கீழே இறங்கவில்லை. யாருடைய அனுபவத்தைக் கேட்பதற்காக அத்தனை தூரம் போனோமோ, அவரே ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி இன்னும் என் மனதை உறுத்துகிறது.

அதனால் சொல்கிறேன். இடத்தைத் தேடுவதற்கு முன்னால் ஆட்களிடம் பேசுங்கள். முழங்கால், ஆஸ்துமா, இதய நோய், கர்ப்பம், அன்றாடம் சாப்பிடும் மாத்திரை, உயரத்தைக் கண்டால் வரும் பயம், எல்லாவற்றையும் தனித்தனியாக, மற்றவர் காதில் விழாமல் கேளுங்கள். குழுவிலேயே யாருக்கு அந்த இடம் மிகக் கடினமோ அவரை மனதில் வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் ஒருவர் முன்கூட்டியே நேரில் போய் ஓர் இரவு தங்கிவிட்டு வரட்டும். முடியாவிட்டால், வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில்வரை நடந்துகொண்டே ஒரு காணொளி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கழிப்பறைக்கு இரவில் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

[அசைபடம்: உயர அளவுகோல், 0 முதல் 4,000 மீட்டர் வரை.]

உயரம் என்ன செய்யும்? ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அடிவாரத்தில் 32 டிகிரி என்றால் அங்கிருந்து 2,000 மீட்டர் மேலே 19 டிகிரிதான், அதுவும் பகலில். ஆனால் குளிராக இருக்கிறதே என்று வெயிலை லேசாக நினைத்துவிடாதீர்கள். புற ஊதாக் கதிர்வீச்சு ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. தொப்பி வேண்டும்.

2,500 மீட்டருக்கு மேல் தங்குவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் ஒன்றுதான்; காற்றழுத்தம்தான் குறைகிறது. 3,000 மீட்டரில் அது கடல்மட்டத்து அழுத்தத்தில் ஏறத்தாழ 70 சதவீதமாகிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை ஆகியவை போய்ச் சேர்ந்த சில மணி நேரத்தில் தொடங்கலாம். நன்றாக ஓடியாடும் இளைஞருக்கும் வரும். உடற்பயிற்சி இதற்குக் கவசம் ஆகாது. எனவே முதல் நாளைக் காலியாக விடுங்கள். மது வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. ஒருவர் குழறிப் பேசினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே கீழே இறக்குங்கள்.

அப்படி இறக்க வண்டி தயாராக இருக்க வேண்டும் அல்லவா? ஒரு வண்டியை எப்போதும் இறங்கும் திசையைப் பார்த்து நிறுத்திவையுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியட்டும். அருகிலுள்ள மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம், இரவில் அங்கே மருத்துவர் இருப்பாரா என்பதை ஊரில் இருக்கும்போதே தொலைபேசியில் கேட்டு, எல்லோருடைய அவசரத் தொடர்பு எண்களோடும் சேர்த்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காகிதத்தில்தான். சிக்னல் தேடித் தேடியே கைப்பேசியின் சார்ஜ் தீரும். குளிர் மிச்சத்தையும் இழுத்துவிடும். வரைபடத்தையும் முன்பே தரவிறக்கம் செய்துவைத்துக்கொள்ள வேண்டும். யாராவது பாதை தவறினால், ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் அல்லது டார்ச் ஒளி, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடியும் ஆறு. இது ஆல்ப்ஸ் மலைகளில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய உதவிக் குறி. ஆளுக்கொரு விசில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

[காட்சி: கொண்டை ஊசி வளைவில் திரும்பும் வேன், ஓட்டுநரின் கைகள்.]

சாலை. கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டுகிறவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். கைப்பேசியைப் பார்க்காமல் தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்வதுபோல் கிளம்புங்கள்; பள்ளத்தாக்கில் சூரியன் முகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும். கனமழைக்குப் பின் மண் சரிந்து சாலை அடைபடலாம். ஆகவே இறங்கும் நாளன்றே ரயிலுக்கோ விமானத்துக்கோ டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஓட்டுநருக்கு ஒரு கட்டில் உண்டா என்று கேட்டீர்களா? பலரும் கேட்பதில்லை. நாமெல்லாம் கம்பளிக்குள் தூங்க, அவர் வண்டிக்குள் சுருண்டு கிடந்துவிட்டு மறுநாள் அத்தனை வளைவுகளிலும் நம்மை இறக்கிக் கொண்டுவருகிறார். அவருக்குத் தனி அறை, நேரத்துக்குச் சாப்பாடு, முழு இரவுத் தூக்கம் ஆகிய மூன்றும் நம் பாதுகாப்புச் செலவில் முதல் வரியாக இருக்க வேண்டும்.

[காட்சி: கிராமத்து நீரூற்று. குடத்தில் சொட்டும் தண்ணீர்.]

மலைக்கிராமம் என்பது பிறர் வாழும் ஊர். இருபது பேர் ஒரே காலையில் குளித்தால், வறண்ட மாதத்தில் அந்த ஊற்றை நம்பியிருக்கும் வீடுகளுக்குத் தண்ணீர் போகாமல் போகலாம். எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்று விடுதிக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். இரவில் பள்ளத்தாக்கில் சத்தம் நெடுந்தூரம் போகும், ஒலிபெருக்கியைக் கொண்டுபோகாதீர்கள். நாம் கொண்டுபோன பிளாஸ்டிக் அத்தனையும் நம் வண்டியிலேயே திரும்ப வரட்டும். நடைக்கு உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கட்டாயம் அமர்த்துங்கள். எந்த ஓடை மழையில் திடீரென்று பெருகும் என்பது வரைபடத்தில் இருக்காது.

[காட்சி: வட்டமாகப் போட்ட நாற்காலிகள். நடுவில் காகிதங்கள், பேனாக்கள்.]

இனி கூட்டம். பிற்பகலில் மூன்று மணி நேரம் போதும். இரண்டு கேள்விகளுக்கு மேல் எடுக்காதீர்கள். மின்சாரம் போனாலும் நடக்கக்கூடிய கூட்டமாக இருக்கட்டும். புரொஜெக்டரை வீட்டிலேயே விட்டுவிடலாம். ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் 1980களில் ஒரு பெரிய மாநாட்டை மெனக்கெட்டு நடத்தினார். வந்தவர்களோ, காபி இடைவேளைதான் மிகவும் பயனுள்ளதாக இருந்தது என்றார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'ஓப்பன் ஸ்பேஸ்' என்ற முறை. பேச விரும்பும் பொருளை ஆளுக்கொரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள்; பிடித்த பேச்சில் போய்ச் சேரலாம், பயனில்லை என்றால் எழுந்து அடுத்த வட்டத்துக்குப் போகலாம். மலைக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது.

இருபது பேரோடு மூன்று நாள் இருப்பது எல்லோருக்கும் இனிக்காது. அமைதி வேண்டுகிறவர்கள் இருப்பார்கள். ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரத்தைச் சும்மா இருப்பதற்கென்றே ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் யாரையும் விளையாட்டுக்கு இழுக்காதீர்கள்.

[காட்சி: கடைசி நாள் காலை. வண்டியில் ஏறும் பைகள்.]

கடைசி நாள் காலையில் நடை வேண்டாம். பைகளைக் கட்டுவதற்கு முன் எல்லோரும் உட்கார்ந்து, எடுத்த முடிவு, செய்யப்போகிறவர் பெயர், தேதி ஆகிய மூன்றையும் ஒரே காகிதத்தில் எழுதுங்கள். வண்டியில் போகும்போது எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கீழே ஏதோ ஒரு வளைவில் சிக்னல் திரும்பும். இருபது கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் ஒலிக்கத் தொடங்கிவிடும்.