ஒரு நாளுக்கு 25 மணித்தியாலம்! கப்பலிலை அத்திலாந்திக் கடக்கிற ஆக்களுக்குக் கிடைக்கிற கூடுதல் நேரம்

வணக்கம் உறவுகளே. லண்டனிலை பிளேன் ஏறினால் எட்டு மணித்தியாலத்திலை நியூயோர்க். அதே இடத்துக்கு ஏழு இரவு கப்பலிலை போக இண்டைக்கும் ஆக்கள் காசு குடுக்கினம். அதுவும் அந்தப் பயணத்திலை அஞ்சு நாள், ஒவ்வொரு நாளுக்கும் 24 இல்லை, 25 மணித்தியாலம். எப்பிடியெண்டு பாப்பம், வாங்கோ.

(திரையில்: சவுத்தாம்டன் – நியூயோர்க், ஏறக்குறைய 3,150 கடல் மைல்)

குரூஸ் கப்பல் வேறை, லைனர் வேறை. குரூஸ் உங்களைச் சுத்திக் காட்டிப்போட்டு ஏறின இடத்திலையே கொண்டந்து விடும். லைனர் ஒரு கரையிலை ஏத்தி மற்றக் கரையிலை இறக்கிறதுக்கெண்டு கட்டினது. முந்தி எத்தினையோ ஓடினது, ஜெட் விமானம் வந்தவுடனை ஒவ்வொண்டாய் நிண்டுபோச்சு. இப்ப மிஞ்சி ஓடுறது குயின் மேரி 2 ஒண்டுதான். 2004இலை ஓடத் துவங்கினது, நீளம் 345 மீற்றர். பழைய வரலாறு இவ்வளவு காணும்.

இப்ப அந்த 25 மணித்தியாலக் கதைக்கு வருவம்.

லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் அஞ்சு மணித்தியால வித்தியாசம். பிளேன் அந்த அஞ்சையும் உங்கட தலையிலை ஒரேயடியாய்ப் போடும். கப்பல் அதைப் பிரிச்சுத் தரும். மேற்குப் பக்கம் போகேக்கை அஞ்சு இரவுக்கு, ராத்திரி 2 மணியை மணிக்கூட்டிலை திரும்ப 1 ஆக்குவினம். நீங்கள் நித்திரையிலை இருக்கேக்கையே ஒரு மணித்தியாலம் கூடிப்போகும். எங்கட உடம்புக்குள்ளை இருக்கிற மணிக்கூட்டுக்கும் ஒரு நாள் எண்டது 24ஐ விடக் கொஞ்சம் கூடத்தான். அதாலை நாளை நீட்டுறது உடம்புக்குச் சுகம், குறுக்கிறதுதான் கஷ்டம். ஒரு நாளுக்கு ஒரு மணித்தியாலம் எண்டு உடம்பு மாறக்கூடிய வேகத்திலையே கப்பலும் போகுது. நியூயோர்க்கிலை இறங்கேக்கை ஜெட் லாக், அதாவது நேரம் மாறினதாலை வாற நித்திரைக் குழப்பம், எண்ட பேச்சே இல்லை.

திரும்பிக் கிழக்கை வரேக்கை மற்றப் பக்கம். நாளுக்கு 23 மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தை நடுப்பகலிலை எடுத்துப்போடுவினம், ஆக்களின்ரை நித்திரையிலை கை வைக்கிறதில்லை. எண்டாலும் மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச கையோடை தேத்தண்ணி நேரம் வந்து நிக்கும். அதாலை நான் உறுதியாய்ச் சொல்லுறன்: ஒரு பக்கம் மட்டும் கப்பல், மற்றப் பக்கம் பிளேன் எண்டால், மேற்குப் பக்கம் போறதைக் கப்பலுக்கு வையுங்கோ.

"ஏன் இவ்வளவு மெதுவாய்ப் போகுது?" எண்டு கேப்பியள். இந்தக் கப்பலுக்கு 30 நொட் வரை ஓட ஏலும், அதாவது மணித்தியாலத்துக்கு 55 கிலோமீற்றர். ஆனால் தண்ணியைக் கிழிச்சு ஓடுறதுக்குத் தேவையான சக்தி வேகத்தை விடக் கனக்க ஏறும்: வேகம் ரெண்டு மடங்கெண்டால் சக்தி எட்டு மடங்கு. 20 நொட்டிலை அந்தத் தூரம் ஆறரை நாள். 26 நொட்டிலை அஞ்சு நாள். வேகம் கூடினது 30 வீதம், ஓடுற நாள் குறைஞ்சும் அந்த ஒரு பயணத்துக்கு ஓடுறதுக்கு மட்டும் எரியிற எண்ணெய் கூடுறது ஏறக்குறைய 70 வீதம். முதல்லை ஆறு இரவாய் இருந்த பயணத்தை ஏழாக்கினது இதாலைதான்.

வேகத்துக்கெண்டே கட்டின கப்பலும் இருந்தது. 1952இலை யுனைட்டட் ஸ்டேட்ஸ் எண்ட லைனர் அத்திலாந்திக்கைக் கடந்தது 3 நாள் 10 மணித்தியாலம் 40 நிமிசத்திலை. இது துறைமுகத்துக்குத் துறைமுகம் இல்லை, நியூயோர்க்குக்கு வெளியிலை நிண்ட அம்புறோஸ் வெளிச்சக் கப்பலிலையிருந்து இங்கிலாந்து மூலையிலை இருக்கிற பிஷப் றொக் வெளிச்சவீடு வரைக்கும். சராசரி 35.59 நொட், மணித்தியாலத்துக்கு 66 கிலோமீற்றர். அந்த வேகத்திலை யாழ்ப்பாணத்திலையிருந்து கொழும்புக்கு ஆறு மணித்தியாலம். எங்கட இரவு பஸ்ஸை விட முந்திப் போயிடும், உறவுகளே, அதுவும் ஆயிரக்கணக்கான சனத்தோடை!

(திரையில்: வல்வெட்டித்துறைக் கடற்கரை)

இனி எனக்கு எல்லாத்தையும் விடப் பிடிச்ச பகுதி. அதே அத்திலாந்திக்கை எங்கட ஊரிலை கட்டின கப்பலும் கடந்திருக்கு. வல்வெட்டித்துறையிலை கட்டின அன்னபூரணி, 89 அடிப் பாய்க்கப்பல். வில்லியம் றொபின்சன் எண்ட அமெரிக்கர் வாங்கி, புளோரன்ஸ் சி. றொபின்சன் எண்டு பேர் மாத்தினார். கப்பலிலை எங்கட வல்வெட்டித்துறை மாலுமிகள். சுயஸ் கால்வாயாலை போய், மத்தியதரைக் கடல் தாண்டி, 1938 ஆகஸ்டிலை அமெரிக்காவின்ரை குளொஸ்டர் துறைமுகத்தைப் பிடிச்சினம்.

அதே 1938, அதே ஆகஸ்ட் மாதம், பழைய குயின் மேரி நியூயோர்க் பக்கமிருந்து வெளிக்கிட்டு 3 நாள் 20 மணித்தியாலம் 42 நிமிசத்திலை கடந்து சாதனை வைச்சுது. அங்கை நீராவி எஞ்சின், எங்கட ஆக்களுக்குப் பாயும் காத்தும். இப்பத்தைய குயின் மேரி 2இன்ரை நீளத்துக்குள்ளை அன்னபூரணி மாதிரிப் பன்னிரண்டை வரிசையாய் விடலாம். குயின் மேரி சாதனையை உலகம் முழுக்கத் தெரியும். அன்னபூரணியை எங்கட பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டாமோ? இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டிலை போட்டுக் காட்டுங்கோ.

சரி, போக நினைக்கிற ஆக்களுக்கு. கப்பல் ரெண்டு மாதிரி ஆடும். பக்கவாட்டாய் உருள்றது ஒண்டு, அணியம், அதாவது கப்பலின்ரை முன்பக்கம், எழும்பிக் குத்துறது மற்றது. உருள்றதைக் குறைக்க ரெண்டு பக்கமும் தண்ணிக்குள்ளை செட்டை நீட்டுவினம். குத்துறதை அந்தச் செட்டை நிப்பாட்டாது. ஏத்தப் பலகை மாதிரித்தான், நுனியிலை இருக்கிறவனுக்குத்தான் தூக்கிப் போடும். அதாலை அறை எடுக்கேக்கை கப்பலின்ரை நடுப்பகுதி, கீழ்த்தட்டு எண்டு கேளுங்கோ. மேல்தட்டு முன்பக்கம் வடிவாய் இருக்கும், மாரிகால வட அத்திலாந்திக்கிலை அங்கை படுக்கேலாது. சத்திக் குளிசையைத் தலை சுத்தத் துவங்கினாப் பிறகு போட்டுப் பிரயோசனம் குறைவு, வயிறு அதை ஏற்காது. கடல் குழம்ப ஒரு மணித்தியாலம் முதலே போடுங்கோ. பிறகு வெளியிலை வந்து கடலும் வானமும் சேர்ற கோட்டைப் பாருங்கோ. கண்ணும் காதுக்குள்ளை இருக்கிற சமநிலை உறுப்பும் வேறை வேறை கதை சொல்லுறதாலைதான் பிரட்டுது.

இலங்கைப் பாஸ்போட் எண்டால் ஏறுற நாட்டுக்கும் இறங்கிற நாட்டுக்கும் ரெண்டு வீசாவும் கையிலை இருக்கோணும்.

கப்பல் ஆட்டம் உங்கட உடம்புக்கு ஒத்துவருமோ எண்டு சோதிக்க அத்திலாந்திக் வரை போகத் தேவையில்லை. காங்கேசன்துறையிலையிருந்து நாகபட்டினத்துக்கு ஏறக்குறைய 60 கடல் மைல், நாலு மணித்தியாலம். வாடைக்காத்து காலத்திலை அந்தச் சேவை நிக்கும், திகதியைப் பாத்து வெளிக்கிடுங்கோ.

கொழும்பிலை லைனர் ஏறி, ஏடன், சுயஸ் எண்டு கிழமைக் கணக்காய்க் கடல் பாத்து லண்டன் போன பெரியாக்கள் இன்னும் எங்கட வீடுகளிலை இருக்கினம். அம்மம்மா, அப்பப்பாவிட்டை இண்டைக்கே கேளுங்கோ: கப்பலின்ரை பேர் என்ன, எத்தினை நாள், என்ன சாப்பாடு தந்தவை? கீழை கொமென்டிலை எழுதுங்கோ, எல்லாத்தையும் வாசிப்பன்.